முன்பல்: காம்போசிட் எத்தனை வருடம், கேப் எத்தனை வருடம்?

கேள்வி, 9 ஜூன் 2024 (ஈரோட்டிலிருந்து ஒரு அப்பா)

மகனுக்கு 15 வயது. கார்க் பந்து பட்டு மேல் முன்பல்லின் மூலை போய்விட்டது. வலி இல்லை, குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறது. ஒரு டாக்டர் காம்போசிட் (பல் நிறத்தில் இறுகும் பிசின்) அடைத்தால் போதும், 1,800 ரூபாய், நாலு வருடம் வரும் என்கிறார். இன்னொருவர் பல்லைச் செதுக்கி ஜிர்கோனியா கேப் (பல்லை முழுக்க மூடும் கெட்டிப் பீங்கான் உறை) போடலாம், 14,000 ரூபாய், 15 வருட வாரண்டி கார்டு தருவோம் என்கிறார். கணக்குப் போட்டால் கேப்தான் லாபம் போலத் தெரிகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லவும்.

பதில், 9 ஜூன் 2024, இரவு

கேப் வேண்டாம். 15 வயதில் வேண்டவே வேண்டாம்.

எனக்கும் இதே பல். 1988 மே மாதம், எனக்கு 12 வயது, ஆத்தூர் பக்கம் எங்கள் ஊர் அடிபம்பில் தண்ணீர் அடிக்கும்போது கைப்பிடி கையை விட்டு எகிறி வாயில் அடித்தது. வலது முன்பல் சாய்வாக மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த ஒரு பல்லுக்கு நான் செய்து பார்த்தது இவ்வளவு:

1988, முதல் அடைப்பு, மூன்று வருடம். 1991, இரண்டாவது. 1997, கல்யாணத்துக்கு முன் மூன்றாவது. 2003, ரூட் கேனால். 2004, உள்ளே உலோகம், வெளியே பீங்கான் வைத்த கேப். 2018, பல்லே போய்விட்டது.

பார்த்தால் கேப்தான் ஜெயித்த மாதிரி இருக்கும், 14 வருடம். ஆனால் முதல் மூன்று அடைப்பும் கெட்டபோது எனக்குப் பல் மிஞ்சியது. கேப் கெட்டபோது பல் மிஞ்சவில்லை. உங்கள் கணக்கில் அந்த வரவு செலவு இல்லை.

10 ஜூன் 2024

ராத்திரி அவசரமாக எழுதினேன், விளக்கமாகச் சொல்கிறேன்.

நான் தையல்காரி. 26 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ் தைக்கும்போது பக்கத் தையலில் உள்ளே துணி விட்டுத்தான் தைப்போம். நாளைக்கு உடம்பு கொஞ்சம் பெருத்தால் பிரித்து விடலாம். இன்றைக்கு அச்சு மாதிரி உட்கார வேண்டும் என்று உள்துணியை ஒட்ட வெட்டிவிட்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அடுத்த வருடம் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பல்லும் அப்படித்தான். இன்றைக்குப் போடுவது என்றைக்காவது ஒருநாள் போகும், அது காம்போசிட்டோ கேப்போ எதுவானாலும் சரி. போகிற அன்றைக்கு உள்ளே எவ்வளவு பல் விட்டு வைத்திருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

என் அக்கா மகள் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்பு படிக்கிறாள். அவளிடம் கேட்டேன். முன்பல்லுக்கு முழு கேப் போட, வெளியே தெரியும் பல்லில் எடையளவில் 63 முதல் 72 சதவீதம் வரை செதுக்கி எடுத்துவிடுகிறார்கள் என்று 2002இல் அளந்து எழுதியிருக்கிறார்களாம். வெனீருக்கு, அதாவது முன்பக்கம் மட்டும் ஒட்டும் மெல்லிய பீங்கான் ஓட்டுக்கு, 3 முதல் 30 சதவீதம். உடைந்த மூலையை காம்போசிட்டில் கட்ட அநேகமாக ஒன்றுமே எடுக்க வேண்டாம், விளிம்பைக் கொஞ்சம் சரிவாக்கினால் போதும்.

உங்கள் மகனுக்குப் போனது ஒரு மூலை. அதற்காக மீதிப் பல்லில் மூன்றில் இரண்டு பங்கை நாமே எடுத்துக் கொடுப்பதா?

10 ஜூன் 2024, கொஞ்ச நேரம் கழித்து

இன்னொன்று விட்டுப்போனது. பையன்களுக்கு 15 வயதில் பல்லுக்குள் இருக்கும் நரம்பு அறை பெரிதாக இருக்கும். வயது ஏற ஏறத்தான் அது சுருங்கும். இப்போது செதுக்கினால் கத்தி நரம்புக்குப் பக்கத்தில் போய்விடும். அப்புறம் ஈறு இன்னும் மேலே ஏறி அதன் இடத்துக்கு வந்திருக்காது. 15 வயதில் ஈறுக்கு அடியில் மறைத்து வைத்த கேப் விளிம்பு 20 வயதில் வெளியே தெரியும்.

வாரண்டி கார்டின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்து இங்கே போடுங்கள். எதற்கு வாரண்டி என்று தெரிய வேண்டும்.

12 ஜூன் 2024

கார்டைப் படித்துச் சொன்னதற்கு நன்றி. நான் நினைத்ததுதான். கேப் உடைந்தால் புது கேப். உள்ளே இருக்கும் பல்லுக்கோ ஈறுக்கோ பொறுப்பில்லை.

அந்த டாக்டர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. ஜிர்கோனியா நிஜமாகவே சுலபத்தில் உடையாது. 15 வருடம் கழித்தும் முழுசாக இருக்கும். ஆனால் கேப் போட்ட பல் போவது பெரும்பாலும் கேப் உடைந்தல்ல. விளிம்பில் சொத்தை நுழையும், சிமெண்ட் விட்டுப்போகும், நரம்பு சாகும், இல்லை அடிக்கட்டையோடு ஒடியும். என் கேப் கையில் வந்தபோது அதில் ஒரு கீறல் இல்லை. பளபளவென்று இருந்தது. உள்ளே பழுப்பாக என் பல்லின் கட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னமும் ஒரு பட்டன் டப்பாவில் வைத்திருக்கிறேன்.

15 ஜூன் 2024

முதல் நாள் எழுதியதில் ஒரு தப்பு, திருத்திவிடுகிறேன். 1988 அடைப்பு மூன்று வருடம் வந்தது என்றேன். அம்மா வீட்டு பீரோவில் 1990இல் எடுத்த வகுப்பு போட்டோ கிடைத்தது. உதட்டை மூடித்தான் நிற்கிறேன், ஆனால் பக்கத்தில் நின்றவள் ஏதோ சொல்லி லேசாகச் சிரிப்பு வந்திருக்கிறது. மூலை இல்லை. ஆகவே இரண்டு வருடத்துக்குள்ளேயே போயிருக்கிறது. ஓட்டைப்பல்லோடு ஒரு வருடம் சுற்றியிருக்கிறேன், அது மனசிலிருந்து எப்படியோ மறைந்துவிட்டது.

முதல் அடைப்பு இரண்டு பசையைச் சின்னத் தாளில் வைத்துக் கலந்து அப்பும் வகை. நீல விளக்கு கிடையாது. தானாக இறுகும்வரை வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும், எச்சில் வழியும், பஞ்சு நனையும். ஒரு வருடத்தில் மஞ்சளடித்துவிட்டது. அந்த வகை அப்படித்தான் நிறம் மாறும் என்று இப்போது தெரிகிறது.

1991இல் சேலத்தில் போட்டது விளக்கு காட்டி இறுக வைப்பது. அது ஆறு வருடம். உடையவில்லை! ஓரத்தில் பழுப்புக் கோடு விழுந்தது, கல்யாணம் வருகிறது என்று மாற்றினோம். அவ்வளவுதான்.

15 ஜூன் 2024, மாலை

அதை எழுதிவிட்டு மெஷினில் உட்கார்ந்தால் வேலை ஓடவில்லை. திரும்பத் திரும்ப அதே நினைப்பு.

மூன்று அடைப்பும் கெட்டன என்று 9ஆம் தேதி எழுதினேன். உண்மையில் கெட்டது ஒன்றுதான். இரண்டாவதை அழகுக்காக மாற்றினோம். மூன்றாவது 2003இல் நரம்பு செத்துச் சீழ் வைத்தபோதுகூட அப்படியே இருந்தது, ரூட் கேனால் செய்வதற்காகத்தான் துளைத்தார்கள். அடிபட்ட பல்லில் நரம்பு பல வருடம் கழித்தும் சாகும். குற்றம் அடைப்பின் மேல் இல்லை, 1988இல் அடித்த பம்பு கைப்பிடியின் மேல்.

இதை எழுதுவதற்குக் காரணம், உங்கள் டாக்டர் சொன்ன நாலு வருடம். எனக்கும் எல்லோரும் அதையே சொன்னார்கள், நானும் நம்பிவிட்டேன். அக்கா மகள் சொன்ன கணக்கு வேறு. முன்பல் காம்போசிட் பற்றி வந்த ஆய்வுகளை 2015இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். வருடத்துக்குக் கெட்டுப்போவது 0 முதல் 4.1 சதவீதம் வரை. மோசமான 4 சதவீதத்தையே எடுத்துக்கொள்வோம். 100 பேருக்குப் போட்டால் 10 வருடம் கழித்து 66 பேர் வாயில் அப்படியே இருக்கும். அந்தக் கணக்கில் இரண்டு பல் நடுவே சொத்தைக்கு அடைத்தவை நன்றாகத் தாங்குகின்றன. பையனுக்கு உள்ளது போல மூலை கட்டியவைதான் முதலில் போகின்றன, பெரும்பாலும் உடைந்து. கடிக்கிற விசை நேராக அதில்தான் விழுகிறது.

17 ஜூன் 2024

உடைந்த துண்டு இருக்கிறதா என்று நான் கேட்டது வீணாகவில்லை. பையன் அதை டிஷ்யூவில் சுற்றி ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறான் என்றால் அவன் கெட்டிக்காரன்.

அந்தத் துண்டையே திரும்ப ஒட்டலாம். அதைவிட நல்ல காம்போசிட் உலகத்தில் கிடையாது. அவன் பல், அவன் நிறம், அவன் பளபளப்பு. இப்போதே எடுத்துத் தண்ணீரில் போட்டு மூடி வையுங்கள். காய்ந்த துண்டு சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கும், ஒட்டும் பிடிப்பும் குறையும். ஊறின பிறகு ஒட்டினால் பிடிப்பு நன்றாக இருக்கும். முதல் சில நாள் வெள்ளைத் திட்டாகத் தெரிந்தாலும் பயப்பட வேண்டாம், எச்சிலில் ஊறி நிறம் திரும்பும்.

துண்டு முழுசாகப் பொருந்துகிறதா, நரம்பு வெளியே தெரிகிறதா, வேரில் கீறல் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத்தான் செய்வார்கள். முதலில் காம்போசிட் சொன்னாரே, அந்த டாக்டரிடமே கேளுங்கள்.

ஒட்டுகிற இடத்தில் எச்சில் படக்கூடாது. ரப்பர் டேம் என்று ஒரு ரப்பர் துணியைப் பல்லைச் சுற்றி மாட்டுவார்கள், அது இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. எனக்கு 1988இல் எச்சிலில் மிதந்த பஞ்சுதான் இருந்தது, இரண்டு வருடத்தில் போனதற்கு பாதிக் காரணம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

18 ஜூன் 2024

ஒட்டுவது எப்படி நிற்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார், பசை மாதிரியா என்று. எனாமலில், அதாவது பல்லின் கெட்டியான வெளிப்படலத்தில், பாஸ்பாரிக் அமிலத்தைத் தடவி 15, 30 விநாடி விட்டுக் கழுவுவார்கள். காய்ந்ததும் பல் அந்த இடத்தில் மட்டும் உறைபனி மாதிரி வெண்மையாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழுந்திருக்கும், பிசின் அதற்குள் இறங்கி இறுகிவிடும். 1955இல் மைக்கேல் புவனகோர் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தது. அதற்கு முன்னால் பல்லில் எதை நிறுத்த வேண்டுமானாலும் பல்லைக் குடைந்து பிடிப்பு உண்டாக்க வேண்டும்.

எனாமலில் ஒட்டுவது கெட்டி. அதற்கு உள்ளே இருக்கும் டென்டினில் ஒட்டுவது அவ்வளவு கெட்டி இல்லை. அதனால்தான் எனாமலைச் செதுக்கித் தள்ளும் எதையும் யோசித்துச் செய்யச் சொல்கிறேன்.

21 ஜூன் 2024

துண்டை ஒட்டியாயிற்றா! படம் பார்த்தேன். கோடுகூட எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. கீழே வெள்ளைத் திட்டு இருப்பது போய்விடும்.

இனி அவன் அந்தப் பல்லால் செய்யக்கூடாதது: பாட்டில் மூடி, பேனா மூடி, நகம், தட்டை, முழுக் கொய்யா, கரும்பு. வெட்டிக் கொடுத்தால் கடைவாயில் மெல்லட்டும். ஆடும்போது வாயில் மவுத் கார்ட்.

நூல் கடிப்பதும்தான். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் முன்பல் விளிம்பில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். நான் 2018 வரை அந்த கேப்பாலேயே நூல் கடித்தேன். இப்போது மெஷின் தலையில் கயிறு கட்டிச் சின்னக் கத்தரி தொங்குகிறது. கடைக்கு வரும் பெண்களிடமும் சொல்கிறேன், ஊக்கைப் பல்லால் பிரிக்காதீர்கள் என்று.

2 ஜூலை 2024

பென்னாகரத்திலிருந்து எழுதிய தங்கைக்கு. முன்பல் ஆறும் பழுப்பு, கல்யாணம் பேசுகிறார்கள், ஆறுக்கும் வெனீர் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். என் நாத்தனாரும் தர்மபுரிதான், அவளுக்கும் இதேதான். பல் உருவாகிற வயதில், அதாவது சின்னக் குழந்தையாக இருக்கும்போது, ஃபுளோரைடு அதிகமுள்ள போர் தண்ணீர் குடித்த கறை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் அதைத் தாண்டி இருந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வந்தது அதற்காகத்தான். அதற்குப் பிறகு நல்ல தண்ணீரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வெள்ளைப் பல் வாய்க்கும். உனக்கும் என் நாத்தனாருக்கும் பல் அதற்கு முன்பே உருவாகிவிட்டது. இப்போது நல்ல தண்ணீர் குடிப்பதால் கறை போகாது. அது உன் தப்பும் இல்லை, பல் விளக்காததும் இல்லை. பேச வருகிறவர்களிடம் இதை நிமிர்ந்து சொல்.

செய்வதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மேலே தேய்த்து எடுக்கிற முறை, அமிலமும் நைஸான தேய்ப்புப் பொடியும் சேர்த்து எனாமலில் மெல்லிய ஒரு படலம் மட்டும் எடுப்பார்கள். நாத்தனாருக்குப் பாதிப் பழுப்பு அதிலேயே போனது. பிறகு வெளுக்கும் சிகிச்சை. அப்புறமும் திட்டு இருந்தால் அந்த இடத்தில் காம்போசிட். வெனீர் கடைசி. ஃபுளோரைடு ஏறிய எனாமலில் அமிலம் சுலபமாகப் பிடிக்காது, கூடுதல் நேரம் வைக்க வேண்டும். அந்தப் பக்கத்து டாக்டர்களுக்கு அது கைப்பழக்கம், அங்கேயே பார்.

வெனீர் கெட்டது என்று சொல்ல வரவில்லை. ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரூக்கில் 318 வெனீர்களைப் பின்தொடர்ந்து 2012இல் எழுதினார்கள். 10 வருடத்தில் 93.5 சதவீதம் நின்றிருக்கிறது, 20 வருடத்தில் சுமார் 83. இரவில் பல் கடிப்பவர்களுக்குக் கூடுதலாகப் போயிருக்கிறது. பொருளாகப் பார்த்தால் காம்போசிட்டைவிட நீண்ட ஆயுள்தான். உனக்கு இப்போது 23 வயது. ஆறு பல், 20 வருடம், அதற்குள் ஒன்றிரண்டாவது போகும், மாற்றும்போது இன்னும் கொஞ்சம் செதுக்குவார்கள். 43 வயதில் இரண்டாவது செட், 60இல் மூன்றாவது. முதல் படியில் சரியாகிவிட்டால் அந்தக் கணக்கே தொடங்காது.

3 ஜூலை 2024

மேலே எழுதியதைப் படித்துவிட்டு அக்கா மகள் போன் செய்தாள். ஒரு திருத்தம்: தேய்த்து எடுக்கும் முறை மேலோட்டமான கறைக்குத்தான். குழி விழுந்து எனாமல் உதிரும் அளவுக்கு ஃபுளோரைடு ஏறியிருந்தால் அது போதாது, அங்கே வெனீரோ கேப்போகூடச் சரியான வழியாக இருக்கலாம். தங்கை, நகத்தால் தடவிப் பார். வழவழப்பாக இருந்தால் நான் சொன்ன வரிசை. சொரசொரவென்று குழியாக இருந்தால் டாக்டர் சொல்வதைக் கேள்.

19 ஆகஸ்ட் 2024

அம்மாவுக்கு 74 வயது. முன்பல்லும் கோரைப்பல்லும் ஈறோரத்தில் கத்தியால் சீவியது மாதிரி பள்ளம். கரித்தூளும் செங்கல் பொடியும் வைத்துப் பல் விளக்கி வளர்ந்த தலைமுறை, பின்னால் கெட்டி பிரஷ். அந்த இடத்தில் கிளாஸ் ஐயனோமர் என்ற பல் சிமெண்டை அடைத்தார்கள். காம்போசிட் மாதிரி பளபளப்பு கிடையாது, கொஞ்சம் மங்கல். ஆனால் ஈறோரத்தில் எனாமல் மெல்லியது, இந்தப் பொருள் பல்லோடு தானாகவே ஒட்டிக்கொள்ளும் தன்மையுள்ளது, அங்கே காம்போசிட்டைவிட நன்றாக நிற்கும். அம்மாவுக்கு ஏழு வருடம் ஆகிறது. ஐந்தில் ஒன்றுதான் விழுந்தது.

7 அக்டோபர் 2024

2004இல் கேப் போடாமல் இருந்திருந்தால் என்ற கேள்வி மறுபடியும். கேட்டவர் உடன்பிறப்பு மாதிரி அக்கறையாகக் கேட்டிருக்கிறார், பதில் சொல்ல வேண்டும்.

ரூட் கேனால் முடிந்ததும் பல் சாம்பல் நிறமாகி இருந்தது. ரூட் கேனால் செய்தால் கேப் போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் உடையும் என்றார்கள். கடைவாய்ப் பல்லுக்கு அது சரி. முன்பல்லுக்கு அப்படியே பொருந்தாது. அமெரிக்காவில் ரூட் கேனால் செய்த 1,273 பற்களைப் பார்த்து 1984இலேயே எழுதியிருக்கிறார்கள்: கேப் பின்பற்களைக் காப்பாற்றியிருக்கிறது, முன்பற்களுக்குப் பெரிய வித்தியாசம் எதுவும் செய்யவில்லை.

நிறத்துக்கு வேறு வழி இருந்தது. ரூட் கேனால் செய்த ஓட்டைக்குள்ளேயே வெளுக்கும் மருந்தை வைத்து மூடிவிட்டு, வாரம் ஒருமுறை மாற்றுவார்கள். மூன்று நாலு தடவையில் வெளுத்துவிடும். சில வருடத்தில் கொஞ்சம் மங்கலாம், திரும்பச் செய்துகொள்ளலாம். பல்லை வெளியே இருந்து ஒரு துளி செதுக்க வேண்டாம்.

எனக்கு யாரும் சொல்லவில்லை. 28 வயதில் எனக்குக் கேட்கவும் தெரியவில்லை. செதுக்கி முடித்ததும் கண்ணாடி கொடுத்தார்கள். முன்னே இருந்த பல் இருந்த இடத்தில் ஒரு சின்ன ஆப்பு மாதிரி நின்றது. அதைப் பார்த்ததும் வயிற்றில் ஏதோ செய்தது, இன்றைக்கும் அந்த ஆப்பு கண்ணில் நிற்கிறது. கேப் மாட்டியதும் அழகாகத்தான் இருந்தது. எட்டாவது வருடம் ஈறு ஏறி உலோக விளிம்பு கருங்கோடாகத் தெரிந்தது. பதினாலாவது வருடம் கொய்யாப் பழம் கடித்தேன், கேப் கட்டையோடு ஒடிந்து கையில் வந்தது.

ஈறுக்கு மேலே சுற்றிலும் 2 மில்லிமீட்டராவது பல் மிஞ்சியிருந்தால் இன்னொரு கேப்புக்குப் பிடிப்பு இருந்திருக்கும். ஒன்றும் மிஞ்சவில்லை, வேரிலும் கீறல். எடுத்துவிட்டார்கள்.

8 அக்டோபர் 2024

அதற்குப் பதில் என்ன போட்டேன் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சில மாதம் கழற்றி மாட்டும் பிளேட் பல். 2019 பிப்ரவரியில் சிறகு வைத்த பல். மேரிலேண்ட் பிரிட்ஜ் என்பார்கள். பக்கத்துப் பல்லின் பின்பக்கம் ஒரு மெல்லிய ஜிர்கோனியா சிறகு ஒட்டியிருக்கும், அதிலிருந்து பொய்ப்பல் தொங்கும். பக்கத்துப் பல்லை அநேகமாகச் செதுக்கவே இல்லை.

அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்து நானும் கேட்டேன், இரண்டு பக்கமும் சிறகு வைத்தால் இன்னும் கெட்டியாக இருக்குமே என்று. துணி தைப்பவளுக்கு அப்படித்தான் தோன்றும், இரண்டு பக்கமும் தைத்தால்தானே நிற்கும். பல்லில் அது தலைகீழ். இரண்டு பற்களும் கடிக்கும்போது தனித்தனியே அசையும், நடுவில் கட்டிப்போட்டால் ஒரு பக்கம் விட்டுப்போகும். விட்டது தெரியாது, அடியில் சொத்தை வளரும். ஜெர்மனியில் கீல் நகரத்தில் மத்தியாஸ் கெர்ன் பத்து வருடம் பார்த்து 2011இல் எழுதியது: இரண்டு சிறகு 73.9 சதவீதம், ஒரு சிறகு 94.4. ஒரு சிறகு கழன்றால் கையோடு வந்துவிடும், திரும்ப ஒட்டலாம். எனக்கு 2021இல் ஒருமுறை கழன்றது. முக்கால் மணி நேரத்தில் ஒட்டி அனுப்பினார்கள். பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இம்பிளான்ட், அதாவது தாடை எலும்பில் திருகி நடும் பல், ஏன் போடவில்லை என்றால், என் எலும்பு அங்கே மெலிந்துவிட்டது, எலும்பு வைத்துக் கட்ட வேண்டும் என்றார்கள், மனசு ஒப்பவில்லை. போட்டவர்களுக்கு நன்றாகவே நிற்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் 15, 16 வயதுப் பிள்ளைகளுக்கு யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தாடை வளர்ந்து முடியவில்லை. மற்ற பற்கள் எலும்போடு இறங்கும், இம்பிளான்ட் நட்ட இடத்திலேயே நிற்கும், சில வருடத்தில் அந்தப் பல் மட்டும் உயரமாக ஏறிப்போன மாதிரி தெரியும்.

12 நவம்பர் 2024

சின்ன விஷயம், ஆனால் பலரும் விடுவது. அடைப்பு பழுப்பானாலோ ஓரம் சில்லு போனாலோ உடனே முழுசாகப் பிரித்துப் புதுசு போட வேண்டியதில்லை. பாலிஷ் போட்டால் பாதிக்குப் பாதி சரியாகும். சில்லு போன இடத்தைச் சொரசொரப்பாக்கி அதன் மேலேயே காம்போசிட் சேர்க்கலாம். முழுசாகத் தோண்டும் ஒவ்வொரு தடவையும் கூடவே கொஞ்சம் நல்ல பல்லும் போகும், குழி பெரிதாகும். கிழிந்த இடத்துக்கு ஒட்டுப் போடுவோமே தவிர, சட்டையை முழுக்கப் பிரிப்போமா? 1997இல் எனக்கு பாலிஷ் போதுமாக இருந்திருக்கும்.

நிறம் பார்ப்பதை முதல் வேலையாக வைக்கச் சொல்லுங்கள், ஜன்னல் வெளிச்சத்தில். வாயைத் திறந்து அரைமணி ஆனால் பல் காய்ந்து வெளுத்துவிடும், அப்போது பொருத்திய நிறம் மறுநாள் தனியாகத் தெரியும். மேட்சிங் துணியைக் கடை டியூப்லைட்டில் பார்த்து எடுத்து ஏமாந்தவர்களுக்கு இது புரியும்.

16 ஜனவரி 2025

பொங்கல் வாழ்த்து. ஈரோட்டுத் தம்பி கரும்பை வெட்டித் துண்டாக்கிக் கடைவாயில் மென்றான் என்று படித்துச் சந்தோஷப்பட்டேன். ஏழு மாதம் ஆயிற்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நரம்பு உயிரோடு இருக்கிறதா என்று குளிர் வைத்துப் பார்ப்பதை நிறுத்த வேண்டாம். எனக்கு 15 வருடம் கழித்துத்தான் செத்தது. பல் நிறம் மாறுகிறதா என்று நீங்களும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், பக்கத்துப் பல்லோடு ஒப்பிட்டு.

28 ஏப்ரல் 2025

இப்போதுதான் பார்த்தேன். மாங்காயைக் கடித்து ஒட்டின துண்டு வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். பத்து மாதம். பையனைத் திட்டாதீர்கள், ஏப்ரலில் மாங்காயைப் பார்த்துக்கொண்டு எந்தப் பிள்ளை சும்மா இருக்கும்.

நரம்பு நன்றாக இருக்கிறது, மீதிப் பல் அப்படியே இருக்கிறது, வலியும் இல்லை. போன வருடம் ஜூனில் எங்கே நின்றீர்களோ அங்கேயேதான் நிற்கிறீர்கள், ஒன்றும் குறையவில்லை. துண்டு முழுசாக இருந்தால் திரும்ப ஒட்டலாம். ஓரம் நொறுங்கியிருந்தால் காம்போசிட்டில் கட்டச் சொல்லுங்கள்.

துண்டு எங்கே இருக்கிறது இப்போது? டிஷ்யூவில் சுற்றாதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள்.